அம்புக்கு முன் இலக்கு



சென்ற ஆகஸ்ட் மாதம் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மச்சான், பதினான்கு வயதான என் மகனுக்கு ஒரு வில்லையும் ஆறு அம்புகளையும் அன்பளிப்பாகக் கொடுத்தார். அவற்றுடன் ஒரு சிறு பெட்டியும் இருந்தது. அதனுள் மூன்று முனைகள். ஒவ்வொன்றிலும் சவர பிளேடைப் போன்ற மூன்று தகடுகள். பிராட்ஹெட் எனப்படும் வேட்டை முனைகள் அவை. பிரான்சில் 1995ஆம் ஆண்டிலிருந்து வில்வேட்டைக்குச் சட்ட அனுமதி உண்டு. மச்சானுக்கும் அதில் ஈடுபாடு உண்டு. எனக்கும் மகிழ்ச்சியே. வலிமை என்பது அம்பெய்தலே என நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று மும்முறை கூறியதாக உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸை (முஸ்லிம்) மதரஸாவில் எத்தனையோ முறை பாடம் நடத்தியவன் நான். என் மகன் கைப்பேசியை வைத்துவிட்டு வில்லை எடுப்பதை எப்படி வேண்டாமென்பேன்?

நோணாங்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நான்கு தென்னை மரங்களும் ஒரு கீற்று வேலியும் உண்டு. அங்கேதான் இலக்கை அமைத்தோம். இரண்டு அரிசிச் சாக்குகளில் வைக்கோலைத் திணித்துத் தைத்தேன். கழித்துப் போட்ட மீன்வலை ஒன்றை இரண்டாக மடித்து அதன் பின்னால் கட்டினேன். செலவு ஏதுமில்லை. சாதாரணக் கூம்பு முனை அம்புகள் சாக்கில் தைத்து நின்றன. மூன்று வாரங்கள் இப்படியே கழிந்தன. அந்த மூன்று வாரங்களே எனக்குப் பொய்யான தைரியத்தைக் கொடுத்தன.

ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின், “அத்தா, மாமா கொடுத்த முனையில் ஒன்றே ஒன்று மட்டும்” என்று மகன் கேட்டான். நான் தலையசைத்தேன். அம்பு சாக்கில் பட்ட ஓசை கேட்டது; ஆனால் சாக்கில் அம்பு இல்லை. வலையில் ஒரு கிழிசல். கீற்று வேலியில் ஒரு துளை. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு அம்மா தம் ஆடுகளைக் கட்டும் இடம்.

நாங்கள் ஓடுவதற்குள் அவரே வந்துவிட்டார். “பாய், இது உங்க புள்ளையோடதுதானே? குட்டிக்கு ஒரு முழம் தள்ளி மண்ணுல குத்தி நின்னுச்சு” என்றார். குரலில் கோபமில்லை, நடுக்கம் இருந்தது. அம்பின் முனையைத் தம் முந்தானையில் பொதிந்து, உள்ளங்கைக்குள் மூடிப் பிடித்திருந்தார். வால் பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

நான் நாணி நின்றேன். பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ அம்புகளுடன் செல்பவர், எவருக்கும் காயம் ஏற்படாதபடி முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிவழி. அதை நான் பாடமாக நடத்தினேன். அந்த அம்மா செய்து காட்டினார். உயிருள்ள எதையும் அம்பெய்யும் இலக்காக ஆக்கியவரை நபியவர்கள் சபித்தார்கள். ஒரு பறவையைக் கட்டிவைத்து எய்துகொண்டிருந்த குறைஷி இளைஞர்களிடம் இப்னு உமர் (ரலி) அதை நினைவூட்டினார்கள். நாங்கள் ஆட்டுக்குட்டியைக் குறிவைக்கவில்லை என்பது உண்மை. எனினும் இலக்கைத் தாண்டி என்ன இருக்கிறது என்று பாராமல் எய்பவன், அங்குள்ள அனைத்தையும் இலக்காக்கிவிடுகிறான் என்றே என் மனம் சொன்னது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மகனையும் கேட்கச் செய்தேன். ஆயினும் அனுமதித்தவன் நானே.

அதன்பின் நகரத்தில் வில்வித்தை கற்பிக்கும் ஒருவரைத் தேடிச் சென்று கேட்டேன். அவரிடம் கற்றதைப் பிள்ளைகளுக்கு வில் வாங்கித் தரும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

கூம்பு முனை இழைகளை ஒதுக்கிக்கொண்டு நுழைகிறது. அம்பின் தண்டோடு ஏற்படும் உராய்வு அதை நிறுத்துகிறது. தகடு முனையோ இழைகளை அறுத்துக்கொண்டே செல்கிறது. பிடித்து நிறுத்த வேண்டியதையே அது வெட்டிவிடுவதால் வைக்கோலும் வலையும் தோற்றுப்போகின்றன. பழந்துணி அடைத்த மூட்டையில் வேறொரு தொல்லை: துணி தகடுகளில் சுற்றிக்கொள்ளும், அம்பை உருவ முடியாது, உறையும் சில நாள்களில் கிழிந்துவிடும். ஃபோம் தாள்களை அடுக்கி அழுத்திக் கட்டிய இலக்கு கூம்பு முனைக்கு மிக நன்று. தகடு முனை அந்த அடுக்குகளையே துண்டாடிவிடும்.

தகடு முனையைத் தாங்குவது அடர்த்தியான, ஒரே கட்டியாக வார்த்த ஃபோம்தான். அதில் வெட்டு மெல்லிய கீறலாக விழுந்து, அம்பை உருவியதும் பெரும்பாலும் மூடிக்கொள்கிறது. நடுப்பகுதியை மட்டும் மாற்றத்தக்க வகையும், எல்லாப் பக்கங்களிலும் எய்யத்தக்க வகையும் நீண்ட நாள் உழைக்கும். அதிலும் ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப எய்தால் குழி விழும். இடம் மாற்றி எய்ய வேண்டும். வெயில் ஃபோமையும் சாக்கையும் நொறுங்கச் செய்யும்; வடகிழக்குப் பருவமழை வைக்கோலை அழுகச் செய்யும். ஆகவே பயிற்சி முடிந்ததும் இலக்கை நிழலில், தரையைத் தொடாமல் வைக்க வேண்டும்.

இலக்கின் அளவை நம் சிறந்த அம்பைக் கொண்டு முடிவுசெய்யாமல், மிக மோசமாகத் தவறிய அம்பைக் கொண்டு முடிவுசெய்க. பின்னால் மண்மேடு இருக்கட்டும். சுவர் அம்பைத் திருப்பி எறியும். அம்பை உருவும்போது நேர் பின்னால் எவரும் நிற்கலாகாது. வால் முனை கண்ணில் குத்திவிடும்.

இவற்றைக் கேட்டபின், அத்தகைய ஃபோம் கட்டி ஒன்றை வாங்கலாம் என்றே எண்ணினேன். அப்போது அவர் கேட்ட கேள்வி என்னை நிறுத்தியது: “இந்த முனையால் நீங்கள் எதை எய்யப் போகிறீர்கள்?”

தகடு முனை தன்னளவில் தீயதன்று. வேட்டைப் பிராணியை அம்பின் கூர்மை துளைத்தால் உண்ணலாம், அதன் அகலப்பக்கம் மோதி இறந்தால் உண்ணக்கூடாது என்று அதீ இப்னு ஹாத்திம் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் விளக்கிய சட்டத்தில் கூர்மையே ஹலாலின் நிபந்தனையாக இருக்கிறது. ஆனால் நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிர்களை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. இலக்குகளைச் சேதப்படுத்தும் முனைகளுக்குப் போட்டிக் களங்களிலும் இடமில்லை. அப்படியானால் என் மகன் கையில் அந்த முனைக்கு ஒரு நிய்யத்தே இல்லை. நிய்யத் இல்லாத கூர்மைக்கு எவ்வளவு உறுதியான இலக்கை வாங்கியும் பயனென்ன?

பெட்டியை மச்சானுக்காக எடுத்துவைத்துவிட்டு, தொலைபேசியில் சொன்னேன். அவருக்குச் சற்று வருத்தம்தான். மகனுக்கு அதைவிட அதிகம். இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஃபோம் தாள்களை வாங்கி வந்து, இரு பலகைகளுக்கிடையே வைத்துத் திருகுகளால் இறுக்கி, கூம்பு முனைக்கான இலக்கை இருவருமாகச் செய்தோம். இடத்தையும் மாற்றினோம். இப்போது வேலிக்கு எதிர்த்திசையில், இடுப்பளவு கொட்டிய மண்மேட்டை நோக்கி எய்கிறான். எய்யும் முன் ஒவ்வொரு முறையும் எழுந்துசென்று மேட்டின் பின்புறத்தைப் பார்த்துவிட்டு வருகிறான். நான் சொல்லிக்கொடுக்காத பழக்கம் அது.

பக்கத்து வீட்டு அம்மா அதே வேலியோரத்தில்தான் இன்றும் ஆடுகளைக் கட்டுகிறார். கீற்றை மாற்றித் தருகிறேன் என்றேன். ஒரு துளைக்காகவா என்று சிரித்து மறுத்துவிட்டார். துளை அப்படியே இருக்கிறது. மக்தபுக்குப் புறப்படும்போது நாள்தோறும் அது என் கண்ணில் படுகிறது.

நாம் கற்பிப்பதை நம் கைகளிலும் அல்லாஹ் தந்தருள்வானாக. நம் பிள்ளைகளின் வலிமையால் எந்த அண்டை வீட்டாரும் அஞ்சாதிருக்க அவன் அருள்புரிவானாக. ஆமீன்.