இணைக்கும் சொல்

அரபு இலக்கணம் பயில வரும் மாணவர்க்கு நாம் தவறாது கூறும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. ‘ஜாஅ ஸைதுன் அகூக்க’ எனின், உம் சகோதரராகிய ஸைது வந்தார், வந்தவர் ஒருவரே. ‘ஜாஅ ஸைதுன் வஅகூக்க’ எனின், ஸைதும் வந்தார், உம் சகோதரரும் வந்தார்; வந்தவர் இருவர். இடையில் நிற்கும் ‘வாவ்’ என்னும் ஓரெழுத்தே இவ்வேறுபாட்டைச் செய்கிறது. முப்பது ஆண்டுகளாக இதனை ஓதிக்கொடுத்த நாம், இதன் அருமையை முழுதும் உணர்ந்தது ஒரு சுவிட்சின் முன்னிலையில்தான்.

நாம் பணிபுரியும் பள்ளியில் கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்சுகள் இரண்டு உள. கீழே அலுவலகத்தில் ஒன்று. மாடியில் கணினி அறையில் மற்றொன்று. அவற்றைப் பேணிவந்த இளைஞர் வளைகுடா நாட்டிற்குச் சென்றபின் பொறுப்பு நம்மிடம் வந்தது. சிஸ்கோ சுவிட்சைக் கட்டளைகள் தட்டெழுதி ஆளும் முறையை அவரே நமக்குக் கற்பித்திருந்தார். அதுவும் ஒரு மொழியே அன்றோ! கட்டளையின் முன்னே ‘நோ’ என்று சேர்த்தால், முன்பு இட்டது நீங்கும். நம் ‘லா’வைப் போல. ஐயம் எழுமிடத்துக் கேள்விக்குறி இட்டால், அடுத்து வரத்தக்க சொற்களை அதுவே காட்டும்.

மாடிக்குச் செல்லும் கம்பிவழியில் 10, 20 என இரு வீலேன்கள், அதாவது தனித்தனியே வகுத்த வலைப்பிரிவுகள், இயங்கின. முன்னது நிருவாகத்திற்கு; பின்னது மாணவர்க்கு. நூலகத்திற்கென 30ஐயும் சேர்க்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் இருந்தபடியே மாடிச் சுவிட்சினுள் நுழைந்து, ‘சுவிட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலேன் 30’ என்று தட்டினோம். மறுகணமே திரை அசைவற்று நின்றது. ‘30’க்கு முன் ‘ஆட்’ என்ற சொல்லை விட்டிருந்தோம். சேர்க்கச் சொல்லவேண்டிய இடத்தில் மாற்றச் சொல்லிவிட்டோம்! 30 மட்டும் நிலைத்தது. 10உம் 20உம் வெளியேறின. நாம் நுழைந்த வாயிலும் அடைபட்டது.

மாடியிலோ மாணவியர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தனர். அன்றே கடைசி நாள். படியேறி ஓடினோம். சுவிட்சின் மின்கம்பியைப் பிடுங்கி மீண்டும் செருகினோம். தட்டிய கட்டளை உடனே நடப்புக்கு வந்துவிடும். எனினும், ‘காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்’ என்று பதியவைக்கும்வரை அது நிலைபெறுவதில்லை. பதியாத நம் பிழை மின்சாரத்தோடு அகன்றது. சில நிமிடங்களில் பழைய அமைப்பு திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்! எனினும் ஒரு மாணவி நிரப்பியிருந்த படிவம் முற்றும் அழிந்துபோயிருந்தது. அவள் முகம் வாடிற்று. பிழை நம்முடையதே என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். அவள் மீண்டும் முதலிலிருந்து நிரப்பி அனுப்பும்வரை அருகிலேயே அமர்ந்திருந்தோம்.

இப்பொழுது ஒரு முறையைக் கைக்கொள்கிறோம். முதலில் உள்ளதைப் பதிந்துவைக்கிறோம். பின் ‘ரீலோட் இன் 10’ என்று இடுகிறோம். நாம் தடுக்காவிடில் பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானே மறுதொடக்கம் செய்து பழைய நிலைக்குத் திரும்பும். அதன்பின் கட்டளையை இட்டு, ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ என்று கேட்டு மூன்று எண்களும் இருப்பதைக் கண்ணால் காண்கிறோம். கண்டபின் ‘ரீலோட் கேன்சல்’, இறுதியில் பதிவு.

மறுநாள் இலக்கண வகுப்பில் ஸைதையும் அவர் சகோதரரையும் சொல்லி முடித்தபின், இந்நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொன்னோம். மாணவர் சிரித்தனர். அதன்பின் ‘வாவ்’ விட்டு எழுதியவர் அவ்வகுப்பில் எவருமிலர்.