"அது எங்க ஃபோர்மேனோட காதுங்க!" - செயின் பிளாக்குக்கு பேட்டன்ட் கேட்ட கோவை பட்டறைக்காரர்

சென்னை கிண்டி காப்புரிமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்தபோது அவர் லேத்தில் ஜாப் ஓட்டிக்கொண்டிருந்தார். மகன்தான் போனைக் கொண்டுவந்து நீட்டினான். கையெல்லாம் ஆயில். "நீயே படி கண்ணு" என்றார். மகன் படிக்க ஆரம்பித்து, மூன்றாவது பக்கத்தில் நிறுத்திவிட்டான்.

"என்னடா?"

"மூணாவதா ஒரு வீடியோவைக் காட்டியிருக்காங்கப்பா. இதெல்லாம் ஏற்கெனவே வெளியில வந்ததுதான்னு சொல்றாங்க."

"யாரு போட்ட வீடியோ?"

மகன் பதில் சொல்லவில்லை. அது அவன் போட்ட வீடியோ.

கோவை கணபதிப் பக்கம் நான்கு லேத், ஒரு மில்லிங் மெஷின், ஐந்து ஆட்கள் கொண்ட சின்னப் பட்டறை அவருடையது. ஐம்பத்திரண்டு வயது. பம்ப் பாகங்கள் கடைவதுதான் சோறு போடும் வேலை. செயின் பிளாக் என்பது அவருக்குப் பிழைப்பு அல்ல, ஒரு பழைய கணக்கு.

செயின் பிளாக்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். லாரி பட்டறையில் இன்ஜினைத் தூக்க, போர்வெல் மோட்டாரை இறக்க, மேலே கொக்கியில் தொங்குமே, அதுதான். ஒரு பக்கச் சங்கிலியை ஓர் ஆள் கையால் இழுத்தால், இன்னொரு பக்கச் சங்கிலியில் ஒரு டன் எடை மெல்ல மேலே ஏறும். மாயம் ஒன்றுமில்லை. பலத்தை மிச்சம் பிடிப்பதற்கு நீளத்தைக் கொடுக்கிறோம். எடை ஒரு மீட்டர் ஏற, கைச்சங்கிலியை நாற்பது மீட்டருக்கும் மேல் இழுக்க வேண்டியிருக்கும். அந்தக் கொடுக்கல் வாங்கலைச் செய்வது உள்ளே இருக்கும் கியர்கள். கைச்சக்கரம் ஒரு பக்கம், கியர் பெட்டி மறுபக்கம். நடுவில், எடையைத் தாங்கும் சக்கரத்தைத் துளைத்துக்கொண்டு ஒரு நீளத் தண்டு போகும். அதன் நுனியில் உள்ள சின்னப் பல்சக்கரம் இரண்டு இடைக் கியர்களைச் சுழற்ற, அவை எடைச் சக்கரத்தைச் சுழற்றும்.

கையை விட்டால் எடை கீழே வராமல் பிடித்துக்கொள்ள பிரேக் இருக்கிறது. ஆனால், அந்த பிரேக் இருப்பது கைச்சக்கரத்தின் பக்கம். எடைக்கும் பிரேக்குக்கும் நடுவே கியர்கள். கியர் பல் உடைந்துவிட்டால்?

பிரேக் பாட்டுக்கு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டிருக்கும். எடை விழுந்துவிடும்.

அவர் இளைஞராக ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்தபோது அப்படித்தான் ஒரு மோட்டார் விழுந்தது. உடன் வேலை பார்த்த பையனுக்கு இரண்டு கால்விரல்கள் போயின. அன்றைக்கு ஃபோர்மேன் லீவு. மறுநாள் வந்தவர் உடைந்த பிளாக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னது இதைத்தான்: "நேத்து நான் இருந்திருந்தா இதை மாட்டவே விட்டிருக்கமாட்டேன். ஒரு மாசமாவே அது அழுதுட்டு இருந்துதப்பா."

ஃபோர்மேனுக்கு அது கேட்கும். ஸ்க்ரூடிரைவரின் முனையை கியர் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு, சங்கிலியை இழுக்கச் சொல்வார். பழைய மெக்கானிக்குகள் பலருக்கும் தெரிந்த வித்தைதான். உள்ளே புஷ் தேய்ந்திருந்தால் கியர் லேசாகச் சாயும், பற்கள் முழு அகலத்துக்குப் பொருந்தாமல் ஓரத்தில் மட்டும் கடிக்கும், ஒருநாள் உடையும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. பெட்டியை யாரும் சும்மா கழற்றிப் பார்ப்பதில்லை. ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பதுதானே பட்டறை தர்மம்!

ஃபோர்மேன் ஓய்வுபெற்றுவிட்டார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு வேலை பார்க்கும் இந்தத் தலைமுறைப் பையன்களுக்கு அந்தக் காது இல்லை. அதனால், அந்தக் காதை பெட்டிக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று நம்மவருக்குத் தோன்றியது.

இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து ஒரு பிளாக் செய்தார். அதில் அவர் பெரிதாக நினைத்தது வேறொன்றை. இரண்டு இடைக் கியர்களுக்குப் பதிலாக மூன்று. சுமையை மூன்றும் பங்குபோட்டுக்கொள்வதால் கியரின் அகலம் குறைந்து, பெட்டி ஒல்லியானது. இதுதான் தன் கண்டுபிடிப்பு என்று நம்பினார். 'காது' ஒரு கொசுறு. கவரின் உட்பக்கம் ஒரு பித்தளைக் குமிழ். இடைக் கியரின் முகத்தில், விளிம்பை ஒட்டி, ஒரு சின்ன மேடு. புஷ் நன்றாக இருக்கும்வரை இரண்டும் தொடாது. தேய்ந்து கியர் சாய்ந்தால், சுற்றுக்கு ஒருமுறை மேடு குமிழைத் தட்டும். கிட்... கிட்... கிட்... சங்கிலி இழுப்பவனுக்கே கேட்கும்.

பிளாக் ஓடிய அன்று வீட்டில் பாயசம். மகன் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கிறான். போனை எடுத்தான். அப்பா கவரைக் கழற்றி, மூன்று கியர்களும் சுழல்வதைக் காட்டினார். பிறகு கவரை மூடி, வேண்டுமென்றே தேய்ந்த புஷ் போட்ட பிளாக்கை இழுத்தார். "என்னப்பா அது சத்தம்?" என்று வீடியோவில் மகன் கேட்கிறான். "அது எங்க ஃபோர்மேனோட காதுங்க!" என்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார் அப்பா. அன்று இரவே யூடியூபில் ஏறியது. அவரே அதை மூன்று வாட்ஸ்அப் குரூப்களுக்கு ஃபார்வேர்டு செய்தார். சில ஆயிரம் பேர் பார்த்தார்கள்.

யாரோ கமென்ட்டில் "பேட்டன்ட் பண்ணுங்கண்ணா" என்று எழுதினார்கள். நான்கு மாதம் கழித்துத்தான் விண்ணப்பம் போனது.

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். இந்தியச் சட்டப்படி, விண்ணப்பிக்கும் தேதிக்கு முன்பே உலகில் எங்காவது வெளியான ஒன்றுக்குக் காப்புரிமை கிடையாது. வெளியிட்டவர் நீங்களாகவே இருந்தாலும் சரி. அரசு அறிவித்த கண்காட்சியில் வைத்தது, அறிவியல் சங்கத்தில் கட்டுரையாக வாசித்தது போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாதச் சலுகை உண்டு. யூடியூப் அந்தப் பட்டியலில் இல்லை. முழு விவரமும் தயாராகவில்லை என்றாலும், தற்காலிக விவரணையை முதலில் பதிவுசெய்து தேதியைப் பிடித்துவிட்டு, 12 மாதத்துக்குள் முழுதாகக் கொடுக்கலாம். தனிநபருக்கு ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். ஒரு நல்ல மைக்ரோமீட்டரின் விலைகூட இல்லை! இதை அந்த நான்கு மாதத்தில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

விண்ணப்பித்தால் மட்டும் போதாது, ஆய்வு செய்யச் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். தனிநபருக்கு அதற்கு 4,000 ரூபாய். அதன் பிறகு ஆய்வாளர் ஒருவர் உலகம் முழுவதும் உள்ள பழைய ஆவணங்களைத் தேடி, ஆட்சேபணைகளை எழுதி அனுப்புவார். முதல் ஆய்வறிக்கை என்று பெயர். அன்று காலை வந்த மெயில் அதுதான். பதில் சொல்ல ஆறு மாதம்.

அறிக்கையில் இரண்டு வெளிநாட்டுக் காப்புரிமைகள் இருந்தன. ஒன்று ஜப்பான், இன்னொன்று ஜெர்மனி. இரண்டிலும் மூன்று கியர் அமைப்பு படம் போட்டு இருந்தது. மூன்றாவது, மகனின் வீடியோ. கூடவே 3(எஃப்) பிரிவு: தெரிந்த பாகங்களை வெறுமனே இடம் மாற்றி அடுக்கினால் அது கண்டுபிடிப்பு ஆகாது.

"வெறுமனே அடுக்கினதா?" என்று அந்த ஒரு வார்த்தையில்தான் அவருக்கு முகம் சிவந்தது.

அன்று இரவு மகன் சாப்பிடவில்லை. வீடியோவை அழித்துவிட்டு வந்து சொன்னான். "அழிச்சு என்ன கண்ணு ஆகப்போவுது? தேதி அவங்ககிட்ட இருக்குதல்ல" என்றார் அப்பா. கோபமே படவில்லை. மகனுக்கு அதுதான் தாங்கவில்லை.

பேட்டன்ட் ஏஜென்ட் ஓர் இளம்பெண். அறிக்கையைப் பொறுமையாகப் படித்துவிட்டு, ஒரு வழி இருக்கிறது என்றார். சட்டத்தின் 29-வது பிரிவு. கண்டுபிடித்தவரின் சம்மதம் இல்லாமல் வேறொருவர் வெளியிட்டிருந்து, விஷயம் தெரிந்ததும் தாமதிக்காமல் விண்ணப்பித்திருந்தால், அந்த வெளியீட்டைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

"பையன் உங்களைக் கேக்காமதான் போட்டாரா சார்?"

மகன் முந்திக்கொண்டான். "ஆமாங்க மேடம். நான்தான் கேக்காம போட்டேன். எழுதிக் குடுக்கறேன்."

அவர் மகனைப் பார்த்தார். "இல்லீங்க. நான்தான் போடுடான்னு சொன்னேன். மூணு குரூப்புக்கு நானே அனுப்பி வெச்சேனுங்க."

ஏஜென்ட் பேனாவை மூடிவைத்தார். அப்படியானால் அந்த வழி இல்லை. சொல்லப்போனால், அந்த வழி திறந்திருந்தாலும் ஜப்பானும் ஜெர்மனியும் குறுக்கே நின்றிருக்கும். ஆனால், அந்த மேஜையில் அது யாருக்கும் நினைவில் இல்லை. ஒரு கையெழுத்தில் முடிந்துவிடும் என்று தோன்றிய நிமிடம் அது.

அதன் பிறகுதான் ஏஜென்ட் அந்தக் கேள்வியைக் கேட்டார். "வீடியோல கிட் கிட்னு ஒரு சத்தம் வருதே, அது எப்படி வருதுன்னு வீடியோல எங்கேயாவது தெரியுதா?"

மூவரும் சேமித்து வைத்திருந்த காப்பியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள். கழற்றிய கவரை அவர் மேஜையில் கவிழ்த்து வைத்திருந்தார். பித்தளைக் குமிழ் அடியில். கியரின் மேட்டை கிரீஸ் மூடியிருந்தது. ஃபோர்மேனோட காது என்று சிரித்ததைத் தவிர, எப்படி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. விண்ணப்பத்திலோ குமிழும் மேடும் படத்தோடு இருந்தன, ஏழாவது உரிமைக்கோரலாக, கடைசி வரியில். புதிதாக எதையும் சேர்க்க முடியாது. முதலில் எழுதியதற்குள்ளேயே குறுக்கிக்கொள்ளலாம். மூன்று கியரைக் கைவிட்டுவிட்டு, ஏழாவதை முதலாவதாக்கினார்கள்.

இரண்டு வருட ஞாயிறுகள் ஒரே அடியில் வெட்டுப்பட்டதைப் பார்க்க அவருக்கு வலித்தது. "மூணு கியர்தானுங்க பெருசு. இது சும்மா ஒரு குமிழு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

இந்த மாதிரி வழக்கு செயின் பிளாக்குக்குப் புதிதல்ல. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தாமஸ் வெஸ்டன் உருவாக்கிய கப்பியை டாங்கை சகோதரர்கள் தயாரித்து விற்றார்கள். 1862 லண்டன் கண்காட்சியில் அதற்குப் பதக்கமும் கிடைத்தது. ஓர் இரும்புக்கடைக்காரர் கிளம்பி, "இது 1830-க்கு முன்பே இருந்ததுதான்" என்று பழைய கப்பி ஒன்றைக் காட்டினார். சங்கிலியை நகர்த்தும் அமைப்பு இரண்டிலும் வேறு வேறு என்று சொல்லி, நீதிமன்றம் டாங்கை பக்கம் தீர்ப்பளித்தது. பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும் இரண்டு பொருள்களில், உள்ளே எது வேறு என்பதுதான் அன்றும் கேள்வி.

விசாரணை வீடியோ கான்ஃபரன்ஸில் நடந்தது. பட்டறையில் நான்கு லேத்தையும் நிறுத்திவிட்டு, கன்ட்ரோலர் முன்னால் வெள்ளைச் சட்டையில் உட்கார்ந்தார். ஏஜென்ட் ஆங்கிலத்தில் வாதாடினார். கன்ட்ரோலர் நேராக ஒரு கேள்வி கேட்டார். கார் பிரேக் பேடு தேய்ந்தால் கிரீச்சென்று சத்தம் போட ஒரு தகடு வைக்கிறார்களே, அதை இங்கே கொண்டுவந்து வைத்ததில் என்ன புதுமை?

ஏஜென்ட் பதிலைத் தொடங்கும் முன், அவர் கை தூக்கினார். தமிழில் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லுங்கள் என்றார் கன்ட்ரோலர்.

"பிரேக் பேடு தேயறதுக்குன்னே வெச்சதுங்க. பேடு தேஞ்சா தகடு நேரா உரசும். இதுல தேயறது உள்ளுக்குள்ள இருக்கற புஷ்ஷுங்க. அதுல முடியளவு ஆட்டம் வந்தா ஒருத்தருக்கும் தெரியாது. ஆனா புஷ்ஷோட நீளத்தைவிட கியரோட ஆரம் பெருசு. அதனால அந்த ஆட்டம் விளிம்புக்கு வர்றப்ப மூணு மடங்கு ஆயிருதுங்க. அதான் குமிழை புஷ்ஷுக்கிட்ட வெக்காம விளிம்புல வெச்சேன். மொதல்ல புஷ்ஷுக்கிட்டதான் வெச்சுப் பாத்தேனுங்க, கேக்கலை."

பிறகு போனைத் திருப்பி, இரண்டு பிளாக்குகளை மகனை விட்டு இழுக்கச் சொன்னார். ஒன்று மௌனமாக ஓடியது. இன்னொன்று, கிட்... கிட்... கிட்...

கன்ட்ரோலர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. எழுத்துபூர்வ வாதத்தை அனுப்பச் சொன்னார். இணைப்பு துண்டானது. "புடிக்கலைபோல இருக்குதுங்க" என்றார் அவர், லேத்தை ஆன் செய்துகொண்டே.

அடுத்து வந்த மெயிலையும் மகன்தான் படித்தான். இந்த முறை நிறுத்தாமல் படித்தான். காப்புரிமை வழங்கப்பட்டது. விண்ணப்பித்த தேதியிலிருந்து 20 வருடம். உரிமம் கேட்டு இதுவரை எந்த கம்பெனியும் வரவில்லை. புதுப்பிப்புக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் கட்ட வேண்டும் என்று நாள்காட்டியில் மகன் குறித்துவைத்திருக்கிறான்.

மறுநாள் பழைய ஃபோர்மேனை டூ வீலரில் அழைத்துவந்தார்கள். எண்பதை நெருங்கும் வயது. காது இப்போது சரியாகக் கேட்பதில்லை. பிளாக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சங்கிலியை இழுக்கச் சொன்னார். கேட்கவில்லை போலிருக்கிறது. மேஜையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையைப் பெட்டியில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டார்.

மகன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தான். எடுத்தவன், அப்பாவைப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைக்கப் போனான்.

"எடு கண்ணு" என்றார் அவர். "இப்ப எடு. கவரையும் நல்லா நிமுத்தி வெச்சே எடு. நம்பர் வந்துருச்சல்ல."