அரை அளவுப் பிடில்

பின்னலாடைத் தொழிலால் வாழும் திருப்பூர் மக்களுக்குத் தரம் என்பது புதிய சொல் அன்று. துணியை இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தே அதன் கனத்தைச் சொல்லிவிடும் முதியவர்கள் எம் பங்கில் இருக்கின்றனர். ஒரு தையல் தவறினாலும், ஊசிமுனை அளவு துளை விழுந்தாலும் ஆடை தனியே ஒதுக்கப்படுகிறது. குறையற்றது கப்பலேறுகிறது. ஒதுக்கப்பட்டது 'செகண்ட்ஸ்' என்னும் பெயரோடு காதர்பேட்டைக் கடைகளுக்கு வந்து சேர்கிறது. முதல் தரத்தைத் தைக்கும் கைகளே இரண்டாம் தரத்தை வாங்கி உடுத்துகின்றன. அதில் இழிவு ஒன்றுமில்லை. சிறு கறை படிந்த பனியனும் உடலை மறைக்கும்; குளிரைத் தாங்கும். ஆயினும் எல்லாப் பொருளுக்கும் இவ்வழக்கம் பொருந்துமா? கற்கத் தொடங்கும் குழந்தையின் கையில் நாம் கொடுக்கும் இசைக்கருவிக்குப் பொருந்துமா?

மூன்று ஆண்டுகளுக்கு முன் இக்கேள்வி என் முன்னே வந்து நின்றது. எம் பாடகற்குழுவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தந்தை ஓவர்லாக் டெய்லர். தாய் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். திண்டுக்கல் பக்கத்திலிருந்து பிழைப்பு நாடி வந்த குடும்பம். மகளின் பிடில் ஆசையை அறிந்த உறவினர் ஒருவர் மிகக் குறைந்த விலையில் ஒன்றைத் தருவித்துக் கொடுத்தார். பெட்டி, வில், ரோசின் எல்லாம் சேர்த்தே அந்த விலை. கைப்பேசியில் பாடங்களைப் பார்த்துப் பார்த்து அவள் மூன்று மாதம் முயன்றாள். பிறகு ஒரு ஞாயிறன்று என்னிடம் வந்து, "எனக்குக் கை வரல ஃபாதர், நான் நிறுத்திக்கிறேன்" என்றாள்.

அந்நாட்களில் பங்குத் திருவிழாவுக்குப் பாடகற்குழுவைப் பயிற்றுவிக்க அனுபவமிக்க பிடில் ஆசிரியர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அவரிடம் அந்தப் பிடிலைக் கொடுத்தேன். சுருதி சேர்க்க முயன்றார். முறுக்காணிகள் துளையில் நிற்காமல் வழுக்கின. தந்திகள் விரல் பலகையிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. அவற்றை அழுத்த அவருடைய விரல்களே திணறின. ஒரு பாட்டு முடிவதற்குள் சுருதி இருமுறை இறங்கிற்று. அவர் சிறுமியைப் பார்த்து, "இந்தப் பிடில்ல எனக்கும் கை வராது, பாப்பா" என்றார்.

அச்சொல்லை நான் பன்னாள் எண்ணிப் பார்த்தேன். குறை கருவியிலிருந்தது, பழியை ஏற்றுக்கொண்டதோ குழந்தை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளையானால், "கருவி சரியில்லை, மாற்றிக் கொடுங்கள்" என்று கேட்டிருக்கும். இல்லாத வீட்டுப் பிள்ளைக்குப் பொருளைச் சந்தேகிக்கத் தெரிவதில்லை, தன்னையே சந்தேகிக்கிறது. 'ஏழைக்கு இது போதும்' என்று நாம் கொடுக்கும் மலிவுப் பொருள் செய்யும் பெருந்தீங்கு இதுவே.

ஆர்மோனியத்திலும் கீபோர்டிலும் கட்டையை அழுத்தினால் ஒலி ஆயத்தமாக வந்துவிடும். பிடிலில் அப்படியில்லை. அதன் விரல் பலகையில் வீணையைப் போல் மெட்டுகளும் இல்லை. ஒவ்வொரு சுரத்தையும் காதும் விரலும் சேர்ந்து தேடிக் கண்டடைய வேண்டும். தேடும் குழந்தைக்குக் கருவி உண்மையான மறுமொழி சொல்ல வேண்டும். விரல் சரியான இடத்தில் விழுந்தும் ஒலி தவறினால், அக்குழந்தை எதைக் கொண்டு சரியையும் தவற்றையும் பிரித்தறியும்?

எனவே ஆசிரியரையும், சிறுமியையும், அவளுடைய பெற்றோரையும் அழைத்துக்கொண்டு கோவைக்குச் சென்றேன். தாய்க்கு அன்று ஒரு ஷிப்ட் சம்பளம் போயிற்று. வழியிலேயே ஆசிரியர் முதற்பாடத்தைத் தொடங்கிவிட்டார். எந்த முறையைக் கற்கப் போகிறோம், யாரிடம் கற்கப் போகிறோம் என்பதை முடிவு செய்த பின்னரே கடைக்குப் போக வேண்டும் என்றார். கருநாடக இசைக் கலைஞர் தரையில் அமர்ந்து, பிடிலின் தலையை வலக் காலில் தாங்கி வாசிக்கிறார்; தந்திகளைச் சட்சம், பஞ்சமம், மீண்டும் சட்சம், பஞ்சமம் என்று சேர்க்கிறார். மேலைமுறையில் கருவி தோளுக்கும் தாடைக்கும் இடையே நிற்கிறது. நான்கு தந்திகளும் ஒன்றுக்கொன்று பஞ்சம இடைவெளியில் அமைகின்றன. கருவி ஒன்றே, பழக்கம் வேறு. ஆகவே ஆசிரியரை முதலில் தேடுக, பிடிலைப் பின்னர்த் தேடுக என்பதே அவருடைய அறிவுரை.

அடுத்தது அளவு. முழு அளவு, முக்கால், அரை, கால் என்று பிடிலுக்கு அளவுகள் உண்டு. அவற்றினும் சிறியனவும் உண்டு. இப்பெயர்களைக் கேட்டு அரைப் பிடில் பாதி நீளம் என்று எண்ணிவிடலாகாது. முழு அளவுப் பிடிலின் உடல் ஏறத்தாழ 14 அங்குலம். அரை அளவின் உடல் 12 அங்குலத்தை ஒட்டியது. பிடிலைத் தோளில் வைத்து இடக்கையை நீட்டும்போது, முழங்கை சற்றே மடிந்திருக்க, விரல்கள் கருவியின் சுருள் தலையை எளிதாக வளைத்துப் பற்ற வேண்டும். "வளரும் பிள்ளைதானே, பெரிதாகவே வாங்கிவிடுவோம்" என்றார் தந்தை. பள்ளிச் சீருடையை அப்படி வாங்கலாம், பிடிலை வாங்கலாகாது. எட்டாத கருவி தோளையும் மணிக்கட்டையும் வருத்தும். தவறான பழக்கத்தை உடலில் பதித்துவிடும்.

கடைக்காரர் அரை அளவுப் பிடில்கள் நான்கைக் கொண்டுவந்து வைத்தார். ஆசிரியர் விளக்க, அவற்றை ஆராய்ந்தவர் அந்தத் தாயே. நல்ல பிடிலின் மேற்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தாலும், பின்பலகையும் பக்கங்களும் மேப்பிள் மரத்தாலும் ஆனவை. விரல் பலகை கருங்காலியாக இருத்தல் நன்று; மலிவுக் கருவிகளில் வேறு மரத்துக்குக் கருஞ்சாயம் பூசியிருப்பர். இதைக் கேட்டதும் அவர் பிடிலைச் சாளரத்து வெளிச்சத்தில் பிடித்து, "சாமி, இங்க சாயம் ஒரே சீரா இல்ல" என்று விரல் பலகையின் ஓரத்தைக் காட்டினார். நாளெல்லாம் ஆடைகளைப் புரட்டிப் புரட்டிக் குறை காணப் பழகிய கண்கள்! இன்னொன்றில் ஒட்டு விலகியிருந்ததையும் அவரே கண்டார். குதிரை சாயாமல் நேராக நிற்கிறதா, முறுக்காணி திருப்பிய இடத்தில் நிலைக்கிறதா, தந்திகள் விரல் பலகைக்கு மேல் மிக உயர்ந்துவிடவில்லையா, வில்லின் கோல் பக்கவாட்டில் கோணாமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சிறு விரல்கள் சுருதியை எளிதில் திருத்திக்கொள்ள ஃபைன் டியூனர்கள் இருத்தல் நலம். இறுதியில் ஆசிரியர் சுருதி சேர்த்து, எங்களுக்குப் புறங்காட்டி நின்று, எஞ்சிய இரண்டையும் மாறி மாறி வாசித்தார். எது எதுவென்று தெரியாமலே சிறுமி ஒன்றைத் தேர்ந்தாள்.

அதன் விலை தந்தையின் இரண்டு வாரச் சம்பளத்தைவிட மிகுதி. தீபாவளி போனஸில் எடுத்து வைத்திருந்ததைக் கொடுத்தார். பணத்தை எண்ணும்போது அவர் கைகள் தயங்கியதை நான் கண்டேன். அப்போதே ஆசிரியர் மெல்லச் சொன்னார்: இரண்டு ஆண்டுகளில் இது சிறிதாகிவிடும், பின்னர் முக்கால் அளவு வேண்டும், அதன் பின்னர் முழு அளவு. ஒரு பிள்ளை வளர்வதற்குள் மூன்று பிடில்கள்! எந்தத் தொழிலாளர் குடும்பம் இதைத் தாங்கும்?

வரலாற்றைப் புரட்டினால், தனித்து நின்று தாங்கியவர்கள் அரியர் என்றே தெரிகிறது. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் (1786–1858) இம்மேலைக் கருவியை நம் இசைக்குக் கொணர்ந்த முன்னோடியாகப் போற்றப்படுகிறார். அவர் ஐரோப்பிய ஆசிரியர் ஒருவரிடம் பிடில் கற்க வழி செய்தவர் மணலியைச் சேர்ந்த முதலியார் குடும்பத்துப் புரவலர். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தாலான பிடிலை 1834இல் பரிசளித்தார். திறமை அவர்களுடையது, வாய்ப்பை அளித்த கை வேறொருவருடையது.

இன்னொரு செய்தியும் என்னைத் தொட்டது. பிரான்சு நாட்டின் லொரேன் பகுதியில் மீர்கூர் என்றொரு சிற்றூர் உண்டு. லேஸ் பின்னலுக்கும் பிடில் செய்தொழிலுக்கும் பெயர் பெற்றது. நூலையும் கைத்திறனையும் நம்பி வாழ்ந்ததில் நம் ஊருக்கு உறவுமுறை. அதற்கு மிக அருகிலுள்ள மத்தேன்கூரில் பங்குத்தந்தையாகப் பணியாற்றியவர் புனித பீட்டர் ஃபூரியே (1565–1640). தொழிலில் நொடித்துப்போன தம் மக்களுக்காக அவர் பொது நிதி ஒன்றை அமைத்தார். வட்டியின்றிக் கடன் பெற்றவர், நிமிர்ந்த பின் திருப்பிச் செலுத்துவார். அது மற்றொருவரைத் தூக்கி நிறுத்தும். பணத்துக்கு அவர் கண்ட வழி பிடிலுக்கு ஏன் ஆகாது?

பங்குப் பேரவையில் இதை வைத்தேன். திருவிழா வாணவேடிக்கைக்கான தொகையில் ஒரு பகுதியைக் கேட்டேன். கூட்டம் எளிதில் இசையவில்லை. "கீபோர்டிலேயே பிடில் ஓசை வருகிறதே" என்றார் ஒருவர். "பிடில் கோயிலுக்கு உரிய கருவிதானா?" என்றார் ஒரு பெரியவர். திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் 1955இல் திருஇசை பற்றி எழுதிய சுற்றுமடலில், ஆர்கனுக்கு அடுத்து வில்லால் இசைக்கும் கருவிகளையே, பிடிலைப் பெயர் சொல்லியே, சிறப்பித்திருப்பதை எடுத்துரைத்தேன். ஆயினும் அவர்களை அசைத்தது அதுவன்று. "எனக்குக் கை வரல" என்று அச்சிறுமி சொன்னதையும், ஆசிரியர் கொடுத்த மறுமொழியையும் சொன்னபோதே மன்றம் அமைதியாயிற்று.

இன்று எம் பங்கில் ஆறு பிடில்கள் உள்ளன. ஒரு பதிவேடும் உண்டு. பெறுபவர் பெயர், நாள், தந்தி மாற்றிய விவரம் எல்லாம் அதில் இருக்கும். பழுதானால் பங்கு செப்பனிடும். சிறிதானால் திருப்பிக் கொடுத்துப் பெரிதைப் பெறலாம். அச்சிறுமியின் குடும்பம் தம் அரை அளவுப் பிடிலைப் பங்குக்கே அளித்துவிட்டது. இப்போது அதை ஒடிசாவிலிருந்து வந்து குடியேறிய தொழிலாளி ஒருவரின் மகன் வாசிக்கிறான்.

பிடிலின் உள்ளே, இரு பலகைகளுக்கும் நடுவே, சிறு மரக்கோல் ஒன்று நிற்கிறது. கடைக்காரர்கள் அதைச் 'சவுண்ட் போஸ்ட்' என்பர். பசை ஏதும் இல்லை. பலகைகளின் அழுத்தத்தாலேயே நிற்கிறது. அது விழுந்துவிட்டால் ஒலி உயிரிழந்துவிடும். இத்தாலியரும் பிரெஞ்சுக்காரரும் அதற்கு இட்ட பெயர் 'ஆன்மா'. வாங்கும்போது ஒலித்துளை வழியே எட்டிப் பார்த்து அது நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அன்பர்களே, உங்கள் பங்கிலும் ஒரு குழந்தை எதையேனும் கற்க விரும்பலாம். அதற்குக் கொடுக்கும் முதல் கருவியை நன்றாகத் தேர்ந்து கொடுங்கள். தனியே இயலாவிடில் பலர் கூடி வாங்குங்கள். கற்பது கடினம் என்று குழந்தை சொன்னால் ஊக்குவியுங்கள். 'எனக்கு வராது' என்று சொன்னாலோ, முதலில் அதன் கையிலுள்ள கருவியை வாங்கிப் பாருங்கள்.