நடந்தால்தான் வண்டிப்பாதை... பாளையம்பட்டி கரிசலில் ஒரு காலை நடை!

காலை ஐந்தரை மணி. கிழக்கு இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. பாளையம்பட்டித் தெருக்களில் பால்காரர் வண்டியும் டீக்கடை விளக்கும் மட்டும்தான் விழித்திருக்கின்றன. புதுக் காலனி வீடுகளிலிருந்து இரண்டு பேர், மூன்று பேராக நடைக்குக் கிளம்புகிறார்கள். சர்க்கரை இருக்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியவர்கள்தான் இவர்களில் அதிகம். பெரும்பாலானோர் மெயின் ரோட்டு ஓரமாகவே நடந்துவிட்டுத் திரும்புகிறார்கள். லாரிப் புகையும் ஹாரன் சத்தமும்தான் அவர்களுக்குத் துணை.

இன்னும் பத்து நிமிடம் எட்டி நடந்தால் கரிசல் காடு வந்துவிடும். கண்மாய்க் கரை, ஓடை, பனை வரிசை, வண்டிப்பாதை எல்லாம் அங்கே இருக்கின்றன. காசு கொடுத்து மலைவாசத்தலம் போகிறவர்களுக்குக்கூட இந்தக் காட்டை நடந்து பார்க்கலாம் என்று தோன்றுவதில்லை. 'பொட்டக் காட்டுல என்ன இருக்கு?' என்பதுதான் பொதுவான பேச்சு. என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம்.

கரை, மடை, கலுங்கு...

விருதுநகர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பாதியளவு ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஒரு போகம் எடுப்பதற்காக முன்னோர் வெட்டியவைதான் கண்மாய்கள். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் எந்த ஊருக்குப் போனாலும் கரை ஏறி நடக்க ஒரு கண்மாய் இருக்கும்.

கரையில் கால் வைத்ததும் ஒரு பக்கம் நீர்ப்பிடிப்பு, மறுபக்கம் ஆயக்கட்டு. கண்மாய்க்குள் இரண்டு கல் தூண்கள் ஒன்றை ஒன்று பார்த்து நின்றால் அது மடை. அதன் அடியில்தான் தண்ணீர் வயலுக்குப் போகும் வழி இருக்கிறது. அதைத் திறந்து மூட ஊருக்கு ஊர் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஆள் இருந்தார்கள். யாருக்கு எத்தனை நாழிகைத் தண்ணீர் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கரையின் கடைசியில் கல் கட்டிய தாழ்வான இடம் கலுங்கு. கண்மாய் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அதன் வழியாக மறுகால் பாய்ந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்த கண்மாயின் வரத்துக்கால். இப்படிச் சங்கிலி போலக் கோத்து வைத்திருக்கிறார்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை இந்தக் கரையில் நடந்தால் போதும். 'கண்மாய் ஏன் நிரம்பவில்லை?' என்ற கேள்விக்குப் பதில் கண்ணெதிரே கிடக்கும். வரத்துக்காலை ஒட்டியே நடந்து போனால் ஒரு இடத்தில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும். இன்னொரு இடத்தில் கட்டட இடிபாடு கொட்டிக் கிடக்கும். சில ஊர்களில் கால்வாய் போய்ச் சேரும் இடம் கலர்க் கொடி கட்டிய பிளாட்டாக இருக்கும். மழை பெய்தும் கண்மாய் காய்ந்து கிடப்பதற்கு வானத்தை மட்டும் குறை சொல்ல முடியாது என்பது நடந்து பார்ப்பவருக்கு உடனே புரியும்.

முள் மரமும் முழுங்கும் பறவையும்

காட்டில் முதலில் கண்ணில் படுவது சீமைக்கருவேலம்தான். நீர்நிலைகளில் இருந்து இதை அகற்றச் சொல்லி 2017-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. இருந்தாலும் இந்த வட்டாரத்தில் மூட்டம் போட்டுக் கரி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் பல உண்டு. ஆகவே, 'ஒழிக' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாத மரம் அது. கண்மாய்க்குள்ளும் வரத்துக்காலிலும் இருக்கக் கூடாது என்பதில் மட்டும் யாருக்கும் மறுப்பில்லை.

கொஞ்சம் நின்று பார்த்தால் நாட்டு மரங்களும் தெரியும். பட்டை வெளிறிய வெள்வேலம், குடை விரித்தது போல உச்சி தட்டையான உடை மரம், நெற்று தொங்கும் நாட்டுக் கருவேலம், வேம்பு, இலந்தை, பனை. தரையில் கொழுஞ்சி, ஆவாரை, துத்தி, எருக்கு, பிரண்டை. கொழுஞ்சியை மடக்கி உழுதால் நல்ல பசுந்தாள் உரம். ஆடு சீண்டாத செடி என்பதால் வேலி இல்லாத காட்டிலும் தப்பி நிற்கும்.

விவசாயி அவசியம் பார்க்க வேண்டியது பறவைகளை. மின்கம்பியில் வாலைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் கரிச்சான், பறக்கும் பூச்சியையும் பயிரில் இருக்கும் புழுவையும் ஒரே பாய்ச்சலில் கொத்திக்கொண்டு பழைய இடத்துக்கே திரும்பும். பருத்தி, துவரை, கொண்டைக்கடலையில் காய்ப்புழுவைக் கட்டுப்படுத்த ஏக்கருக்கு 20 பறவைத் தாங்கிகள் வைக்கச் சொல்வது இதற்காகத்தான். உட்கார இடம் கொடுத்தால் போதும், மற்ற வேலையைக் கரிச்சான் பார்த்துக்கொள்ளும். பனங்காடை, கொண்டலாத்தி, உழவு மாட்டின் பின்னாலேயே நடக்கும் உண்ணிக்கொக்கு எல்லாம் அதே வேலையைத்தான் செய்கின்றன. பனையில் பகலெல்லாம் தூங்கும் கூகை, இரவில் எலி பிடிக்கிறது.

மார்கழி, தை மாதங்களில் கண்மாயில் தண்ணீர் நின்றால் காட்சியே மாறிவிடும். முக்குளிப்பான், நாமக்கோழி, நத்தைகுத்தி நாரை, மடையான் என்று கூட்டம் சேரும். இதெல்லாம் பெரிய சரணாலயத்தில்தான் என்று நினைக்க வேண்டாம். பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் நம் ஊர்க் கண்மாய்களைப் போல மழையை நம்பிய நீர்நிலைகள்தான். இரண்டும் 2022-ல் உலக அளவில் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன.

பறவை வந்தால் விவசாயத்துக்கு நட்டம் என்ற பயமும் தேவையில்லை. வேடந்தாங்கல் ஏரியில் வேட்டைக்காரர்கள் பறவைகளைச் சுடாமல் தடுக்கச் சொல்லி, 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் எழுத்து வாங்கியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்கள் கண்டுவைத்திருந்தார்கள். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாமலே இருக்கும் கிராமங்கள் இன்றும் இருக்கின்றன.

எல்லா உயிரும் இப்படி உதவும் என்று சொல்ல முடியாது. மயில் நிலக்கடலையையும் மிளகாய் நாற்றையும் கொத்துகிறது. காட்டுப்பன்றி மக்காச்சோளத்தை உழுது போடுகிறது. மயில் தோகையைக் கண்டு செல்போனை நீட்டும் நடையாளருக்குப் பின்னால், ராத்திரி முழுக்கக் காவலிருந்து கண் சிவந்த விவசாயி நிற்கிறார் என்பதும் இந்த நடையில் தெரிந்துகொள்ள வேண்டிய பாடம்.

பாதை யாருடையது?

டவுன்காரர்கள் காட்டுக்குள் நடக்க ஆரம்பித்தால் விவசாயிக்கு எழும் முதல் கேள்வி இது. பதில் கிராம வரைபடத்தில் இருக்கிறது. வண்டிப்பாதை, ஓடை, கண்மாய்க் கரை ஆகியவை பெரும்பாலும் அரசுப் புறம்போக்கு. வருவாய்த்துறையின் 'அ' பதிவேட்டில் எந்தப் புல எண் என்ன வகை என்று எழுதப்பட்டிருக்கும். இந்தப் பதிவேட்டு விவரத்தையும் புல வரைபடத்தையும் இப்போது இணையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். வரப்பு அப்படியல்ல. வரப்பு பட்டாதாரருக்குச் சொந்தம். அதில் நடக்க வேண்டுமானால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

இந்த வண்டிப்பாதைகளுக்குத்தான் இப்போது ஆபத்து. மாட்டு வண்டி போன காலத்தில் தினமும் சக்கரம் உருண்டதால் பாதை பாதையாக இருந்தது. வண்டி நின்றது. டிராக்டர் தார் ரோடு வழியே சுற்றிப் போகிறது. பத்து வருடம் ஆள் நடமாட்டம் இல்லாவிட்டால் முள் மண்டும். முள் மண்டிய இடத்தில் வேலி வரும். வேலி வந்த பிறகு, 'இங்கே பாதை இருந்தது' என்று சொல்லப் பெரியவர்கள் ஒன்றிரண்டு பேர்தான் மிஞ்சுவார்கள். அப்புறம் உள்ளே நிலம் வைத்திருக்கும் சிறு விவசாயி, அறுத்த கதிரைத் தலைச்சுமையாகத்தான் கொண்டுவர வேண்டும். நிலத்தை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுப் போவதைத் தவிர வழி இல்லாமலும் போகலாம்.

அதனால்தான் நடை என்பது வெறும் உடற்பயிற்சியாக நின்றுவிடுவதில்லை. ஆள் நடக்கிற பாதையை அடைப்பது கடினம். இங்கிலாந்தில் வயலுக்கு நடுவே போகும் பொது நடைபாதைகள் ஏராளம். அவற்றை உழுது மறைக்கவோ அடைக்கவோ கூடாது. நடப்பவரும் கதவைத் திறந்தால் திறந்தபடி விடாமல், இருந்தபடியே வைத்துவிட்டுப் போக வேண்டும், நாயைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். இரண்டு தரப்புக்கும் கடமை உண்டு.

பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 2010-ல் மதுரை யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டம் வந்தபோது அந்த ஊர் மக்கள் எதிர்த்து நின்றார்கள். அந்தச் சமயத்தில், எழுத்தாளர் அ.முத்துகிருஷ்ணன் முன்னெடுப்பில் 'பசுமை நடை' தொடங்கியது. யானைமலை, கீழக்குயில்குடி சமணர் மலை, கீழவளவு, அரிட்டாபட்டி என்று விடுமுறைக் காலைகளில் குடும்பம் குடும்பமாக மக்கள் மலைகளை நோக்கி நடந்தார்கள். அரிட்டாபட்டி 2022-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2024-ல் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது விவசாயிகள் திரண்டு போராடினார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. போராடி வென்றது ஊர்தான். ஆனால், 'இந்த மலையில் என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லப் பல்லாயிரம் பேர் ஏற்கெனவே தயாராக இருந்தார்கள்.

திருச்சுழி வரை நீட்டினால்...

ஒரு ஞாயிறு முழுக்க நேரம் கிடைப்பவர்கள் கிழக்கே திருச்சுழிக்குப் போகலாம். வருசநாட்டு மலைப்பக்கம் தொடங்கும் குண்டாறு இந்த ஊரை ஒட்டித்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்று சொன்னாலும் வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021-ல் அடிக்கல் நாட்டப்பட்டபோது, இந்த ஆற்றங்கரை விவசாயிகள் ஏன் அத்தனை ஆசையோடு பார்த்தார்கள் என்பது இங்கே நின்றால் விளங்கும். சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில் இங்கே இருக்கிறது. ரமண மகரிஷி 1879-ல் பிறந்த ஊரும் இதுதான். ஆற்றங்கரையில் பள்ளிமடம் என்ற பழைய சிவன் கோயிலும் உண்டு.

அருப்புக்கோட்டைப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் பழைய சமணச் சிலைகள் இருக்கின்றன. அதே ஊரில்தான் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. மானாவாரிக்கு ஏற்ற அருப்புக்கோட்டை 1 சீத்தாப்பழ ரகம் இங்கிருந்து வந்ததுதான். சிலையையும் பார்த்துவிட்டு, வேலை நாளாக இருந்தால் மானாவாரிப் பழமரங்கள் பற்றியும் கேட்டு வரலாம்.

விவசாயியின் வருத்தமும் நியாயம்தான்

நடக்க வருபவர்கள் எல்லோரும் ஒழுங்காக நடந்துகொள்வதில்லை. மடைக் கல்லில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் பாட்டிலை உடைத்துப் போட்டால், அடுத்த உழவில் அது மாட்டின் குளம்பிலோ நாற்று நடும் பெண்ணின் காலிலோதான் ஏறும். பிளாஸ்டிக் பையைத் தின்ற ஆடு வயிறு உப்பிச் சாகும். கூட வரும் நாய் கிடை ஆட்டை விரட்டினால் சினை ஆடு குட்டி போட்டுவிடும். 'நாலு காய்தானே' என்று பறிக்கும் நாலு பேர் வந்தால், வரப்போர வெள்ளரிக் கொடியில் எதுவும் மிஞ்சாது.

இவற்றுக்குப் பயந்து பாதையை அடைத்தால் நட்டம் விவசாயிக்கும்தான். நடப்பவரை ஊரின் கூடுதல் கண்ணாக மாற்றிக்கொள்வது நல்லது. வரத்துக்காலில் குப்பை லாரி கொட்டுவதையும் ராத்திரியில் மண் அள்ளுவதையும் முதலில் பார்ப்பவர் காலையில் நடக்கிறவர்தான். 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத்துறை வசம், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் வசம். எந்த அலுவலகத்தில் மனு கொடுப்பது என்பது இதிலிருந்தே தெரிந்துவிடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. கண்மாய், வரத்துக்கால், வண்டிப்பாதையைப் புல எண்ணோடு குறிப்பிட்டுத் தீர்மானம் போட அதைவிடப் பொருத்தமான நாள் இல்லை. காலனியில் குடியிருப்பவரும் அந்தச் சபையில் வாக்காளர்தான்.

நடைக்குக் கிளம்பும் முன்...

• தை முதல் மாசி வரை காலை நேரம் ஏற்றது. சித்திரை, வைகாசியில் எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். குடிதண்ணீர் அவசியம்.

• மழை பெய்த மறுநாள் கரிசலில் இறங்க வேண்டாம். செருப்புக்கு ஒரு கிலோ மண் ஒட்டும், வரப்பும் சிதையும்.

• சுருட்டைவிரியனும் கண்ணாடிவிரியனும் உள்ள பூமி. மூடிய காலணி போட வேண்டும். இருட்டில் டார்ச் லைட் வேண்டும். கடித்தால் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. ஆளை நடக்கவிடாமல் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போக வேண்டும்.

• கரைச் சரிவில் பிள்ளைகளை ஓடவிடக் கூடாது. மண் அள்ளிய குழி தண்ணீருக்குள் தெரியாது.

• காட்டில் வேலை செய்பவரைக் கண்டால் நின்று, 'என்ன போட்டிருக்கீங்கண்ணே?' என்று கேட்கலாம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சேதி கிடைக்கும். விளைச்சலில் ஏதாவது விற்பதற்கு இருந்தால் பேரம் பேசாமல் வாங்கிக்கொள்ளலாம்.

• காய், பூ, முட்டை, இறகு எதையும் எடுத்து வர வேண்டாம். கொண்டுபோன பையையும் பாட்டிலையும் திரும்பக் கொண்டுவந்துவிட வேண்டும்.

வெயில் ஏறுவதற்குள் நடை முடிந்துவிடுகிறது. கால் வைத்த இடமெல்லாம் கரிசல் புழுதியில் தடம் பதிந்து கிடக்கிறது. காலையில் ஆட்டுத் தடமும் மயில் தடமும் மட்டும் இருந்த வண்டிப்பாதை அது. மறுநாளும் அதன் மீது செருப்புத் தடம் விழுந்தால், அந்தப் பாதை இன்னும் சில காலம் பாதையாகவே இருக்கும்.