லிவரை இழுத்தால் ‘டொக்’

புவனகிரியிலிருந்து வந்த இளைஞர் துணிப்பையிலிருந்து யாஷிகா எலக்ட்ரோ 35 கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்ததாம். “ஷட்டர் போச்சு ஐயா.” சேத்தியாத்தோப்பில் கேமரா பழுதுபார்க்கும் பெரியவர் திருப்புளியைத் தொடவில்லை. உள்ளே ஃபிலிம் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, கேமராவைக் காதோரம் வைத்து ஃபிலிம் நகர்த்தும் லிவரை இழுத்தார்.

“‘டொக்’ கேக்கலையே தம்பி.”

அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் அந்த மேசையருகே அரைநாள் உட்கார்ந்திருந்தேன். 1966-இல் வந்த எலக்ட்ரோவின் உள்ளே சின்ன ரப்பர் துண்டு ஒன்று உண்டு. பல ஆண்டுகளில் அது தார்போல இளகி உதிர்ந்துவிடும். அதன்மேல் நிற்கவேண்டிய கம்பி இடம் தவறும். மின்தொடர்புகள் நேரத்துக்குச் சேராது. சிவப்பு, மஞ்சள் விளக்குகள் தப்பாக எரியும், ஷட்டர் வேகமும் குழம்பும். லிவரை இழுக்கையில் வரவேண்டிய ‘டொக்’ காணாமல் போவது இதற்கான முதல் அடையாளம்.

அப்போதும் அவர் கேமராவைத் திறக்கவில்லை. முதலில் பேட்டரி. இந்தக் கேமராவுக்கான 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கடைகளில் இல்லை. 6 வோல்ட் 4எல்ஆர்44 செல்லைப் போட்டு, மிச்ச இடத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். மின்சாரம் இருந்தால் உள்ளிருக்கும் மின்காந்தம் ஷட்டர் இலைகளை வேண்டிய நேரம் திறந்தபடி பிடித்திருக்கும். இல்லாவிட்டால் எப்போதும் 1/500 நொடியில் மூடிவிடும். படம் இருட்டாக விழுந்ததும் லென்ஸைக் குறைசொல்பவர்கள் அதிகம் என்றார்.

செல்லைப் போட்டு, ஒளியை உணரும் சிறு கண்ணாடியைக் கட்டைவிரலால் மூடிப் பொத்தானை அழுத்தினார். இருட்டு என்று நினைத்து ஷட்டர் நீண்டநேரம் திறந்திருக்க வேண்டும். ஒருமுறை நீண்டது, மறுமுறை சட்டென்று மூடியது. பேட்டரிமேல் பழியில்லை, ரப்பர்தான்.

பக்கத்து விருத்தாசலத்தில் சுட்ட பீங்கானை விரலால் தட்டி விரிசலைக் கண்டுபிடிப்பவர்கள், காதால் கேட்டுப் பழுதறியும் இந்த முறையை எளிதில் ஒப்புக்கொள்வார்கள்.

கேனோனெட் க்யூஎல்17 கேமரா வந்தால் அவருக்கு முதல் வேலை வேறு. ஷட்டர் அசையவே இல்லையென்றால் ‘ஏ’ குறியிலிருந்து வளையத்தைத் திருப்பிப் பார்ப்பார். வெளிச்சம் போதாவிட்டாலோ, செல் செத்துவிட்டாலோ அந்தக் குறியில் ஷட்டர் தானே பூட்டிக்கொள்ளும். இது பழுதே கிடையாது. வேறு குறியில் வைத்தும் இலைகள் மெல்ல நகர்ந்தால், பழைய கிரீஸ் உருகி அவற்றில் ஒட்டியிருக்கிறது. வீராணத்து ஈரக்காற்றும் கோடை வெயிலும் மாறிமாறி வாட்டும் ஊரில் பீரோவில் கிடந்த கேமராவுக்கு இது வரக்கூடியதுதான். லைட்டர் பெட்ரோல் சில துளிகள்விட்டு, உலரவிட்டு, மறுபடி கழுவ வேண்டும். எண்ணெய் விடுவது கூடவே கூடாது. தெரியாதவர்கள் செய்யும் பெரிய சேதம் இதுதான் என்பது என் எண்ணமும்.

ரஷ்ய ஜோர்க்கி 4 கேமராவில் ஷட்டர் துணித்திரை. படத்தின் ஒருபக்கம் மட்டும் கருத்தால் பின்திரை முன்திரையை எட்டிப்பிடிக்கிறது. வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால் துணியில் ஊசித்துளை. இந்தக் கேமராவில் ஃபிலிம் நகர்த்தும் குமிழைச் சுற்றிய பிறகுதான் வேகத்தை மாற்றலாம்.

கடைசியில் யாஷிகாவின் மேல்மூடி கழன்றது. உள்ளே ரப்பர் இருந்த இடத்தில் கருப்புப் பிசின். அதைச் சுரண்டி, சரியான தடிமனில் புது ரப்பர் வெட்டி ஒட்டினார்.

“ராத்திரி காயட்டும். காலையில வந்து நீயே இழுத்துக் கேளு.”