அறுபது மில்லி பாக்கி

நீங்கள் காலையில் குடிக்கும் காப்பி எத்தனை மில்லி என்று எப்போதாவது அளந்து பார்த்ததுண்டா? நான் அளந்திருக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் தாத்தாவின் பித்தளை டம்ளர், நுரை நீங்கலாக, 120 மில்லி பிடிக்கும்.

அளக்கும்படி ஆனது 2019-ல். தாத்தாவுக்கு அப்போது வயது 87. இருதயம் தளர்ந்துவிட்டது. இறைக்க வேண்டிய பம்பு சரியாக இறைக்காவிட்டால் தண்ணீர் தேங்கத்தானே செய்யும்? காலில் தேங்கினால் வீக்கம். நுரையீரலில் தேங்கினால் மூச்சுத் திணறல். உப்பைக் குறைத்து, நீர் பிரிவதற்கு மாத்திரை கொடுத்த டாக்டர், கடைசியாக ஒரு குண்டைப் போட்டார். நாள் ஒன்றுக்கு ஒரு லிட்டர். தண்ணீர், மோர், ரசம், காப்பி, மாத்திரையோடு விழுங்கும் மடக்கு எல்லாம் சேர்த்துத்தான் அந்த ஒரு லிட்டர்!

சித்தி ஒரு யுக்தி செய்தாள். காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைப்பாள். தாத்தா எதைக் குடித்தாலும் அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவாள். பாட்டில் காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. அந்த வருஷம் கறிவேப்பிலை அமோகமாகத் தழைத்தது.

தாத்தா அசரவில்லை. கூட்டுறவு பாங்கில் நாற்பது வருஷம் கணக்கு எழுதியவர் அல்லவா? ரசத்தைத் தியாகம் செய்தார், மோரைப் பாதியாக்கினார், மாத்திரைகளை ஒரே மடக்கில் விழுங்கினார். மிச்சம் பிடித்ததெல்லாம் மூன்று மணிக் காப்பிக்கு. அந்தக் காப்பியும் பீபரிக் கொட்டையில் போட்டதாக இருக்க வேண்டும். காப்பிப் பழத்துக்குள் சாதாரணமாக இரண்டு கொட்டைகள், தட்டைப் பக்கம் ஒன்றையொன்று ஒட்டினாற்போல் இருக்கும். சில பழங்களில் மட்டும் ஒன்றே ஒன்று உருண்டையாக விளையும், அதுதான் பீபரி. சிக்கரி என்ற பேச்சை எடுத்தால், "வேரை வறுத்துக் குடிக்கவாடா நான் பிறந்தேன்?" என்று சண்டைக்கு வந்துவிடுவார்.

நான் அரை நிஜார் போட்டிருந்த நாளிலிருந்து அந்த மூன்று மணிக் காப்பியில் எனக்கு ஒரு பங்கு உண்டு. "குழந்தைக்கு எதுக்குக் காப்பி?" என்று பாட்டி அதட்டுவாள். தாத்தா காதில் வாங்காதவர்போல் டவராவில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் நகர்த்துவார்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து போயிருந்தேன். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்திருந்தார்கள். பாட்டிலில் மிச்சம் 120 மில்லி. நானே காப்பி கலந்து எடுத்துப் போனேன்.

"உனக்கு?"

"இப்பத்தான் குடிச்சேன், தாத்தா." பொய்தான்.

அவர் ஆற்றினார். ஆற்றியதில் சரி பாதியை டவராவில் நிறுத்தி என் பக்கம் நகர்த்தினார்.

"இது உங்க பங்கு, தாத்தா."

"தெரியும். ஆறிடப் போறது, குடி."

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? குடித்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை. அவர் கடைசிச் சொட்டுவரை உறிஞ்சிவிட்டு, அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார்.

"ஃபில்டர்லே இன்னும் கொஞ்சம் டிகாக்ஷன் இருக்குமோ?"

"கணக்கு முடிஞ்சுது, தாத்தா" என்றேன், பெரிய நர்ஸ் மாதிரி. பாட்டிலில் இருந்ததை அப்படியே கொண்டுபோய்ச் செடிக்கு ஊற்றினேன். அவர் சிரித்துக்கொண்டே டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

அன்றிரவு பஸ்ஸில், விழுப்புரம் தாண்டியபிறகு, எனக்குச் சுருக்கென்றது. அவர் குடித்தது 60 மில்லிதானே! மற்ற 60 என் வயிற்றில் அல்லவா இருக்கிறது? நியாயமாக அவருக்கு இன்னும் அரை டம்ளர் காப்பி வரவேண்டும். அடுத்த ஞாயிறு போய் ஒப்புக்கொண்டு, சித்தியிடம் சண்டை போட்டாவது வாங்கிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன்.

வியாழக்கிழமை விடியற்காலையில் போன் வந்தது.

காரியங்களெல்லாம் முடிந்தபிறகு ஒரு நாள் பாட்டியிடம் இதைச் சொன்னேன்.

"அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" என்றாள் பாட்டி. "ஒரு பைசா உதைச்சாலும் ராத்திரி தூங்க மாட்டாரே!"

பிறகு எழுந்து அடுக்களைக்குப் போனாள். மணி மூன்று ஆகியிருந்தது.