ஜெஜே எங்கள் ஆள்தான்

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட நாள். அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் தண்ணீர் புகுந்து பட்டறைகளில் லேத்தும் மோட்டாரும் மூழ்கிக் கிடந்தன. கரண்ட் இல்லை. பால் எங்கே கிடைக்கும், எந்த சப்வே மூடிக்கிடக்கிறது என்று செல்போனில் மிச்சமிருந்த சார்ஜில் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடையில் மிசோரம் தேர்தல் முடிவு ஓடியது. தெற்கு துய்புய் தொகுதியில் சோரம் மக்கள் இயக்கத்தின் வேட்பாளர், பதவியில் இருந்த சுகாதார அமைச்சரை 135 வாக்குகளில் தோற்கடித்திருந்தார். வென்றவர் பெயர் ஜெஜே லால்பெக்லுவா.

முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு சந்தோஷப்பட்டேன். எங்கள் சென்டர் ஃபார்வர்டு ஜெயித்துவிட்டார். அவர் பிறந்தது மிசோரத்தின் நாதியால் என்ற மலையூரில். தமிழ்நாட்டோடு பிறப்பாலோ மொழியாலோ ஒட்டு உறவு கிடையாது. ஆனாலும் எனக்கு முதலில் வாயில் வந்த சொல் ‘எங்கள்’ என்பதுதான். அதற்குக் காரணம் இன்னொரு டிசம்பர், இன்னொரு வெள்ளம்.

2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டார்கள். பூந்தமல்லிக்கும் குன்றத்தூருக்கும் நடுவே எப்போதும் சாதுவாகப் படுத்திருக்கும் ஏரி அது. அடையாற்றுக் கரை முழுக்க வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. குன்றத்தூர்ப் பக்கம் தாழ்வான தெருவில் இருந்த அக்கா குடும்பம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அக்கா பையனின் பாடப்புத்தகங்கள் ஊறி, ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு கனத்திருந்தன. ஹாலில் ஃபேனுக்கு நேர்கீழே அவற்றை விரித்து வைத்தோம். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுநடுவே பழைய நாளிதழைக் கிழித்துச் செருகினோம். காய்ந்த பிறகும் சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து சேற்று வாடை போகவில்லை.

அந்த வாரம்தான் ஜெஜே ஆடிய சென்னையின் எஃப்சி, ஐ.எஸ்.எல். கால்பந்து லீக்கின் அரையிறுதிக்கு வந்திருந்தது. அந்தப் பருவத்தில் பட்டியலின் அடிமட்டம் வரை போய், கடைசிக் கட்டத்தில் அடுத்தடுத்து வென்று மேலே ஏறிய அணி. சொந்த ஊரில் விளையாடவேண்டிய முதல் ஆட்டத்தை வெள்ளத்தால் நேரு ஸ்டேடியத்தில் நடத்த முடியவில்லை. புனேவுக்கு மாற்றினார்கள். டிசம்பர் 12. எதிரணி முந்தைய ஆண்டின் சாம்பியன் கொல்கத்தா. ஈரப் புத்தகங்களை ஓரம் தள்ளிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தோம். 38ஆவது நிமிடத்தில் பெலிசாரி, 57இல் ஜெஜே, 68இல் மெண்டோசா. மூன்றுக்குப் பூஜ்யம். ஜெஜே அடித்ததும் அக்கா பையன் எழுந்து குதித்தான். வீடு போன நாளிலிருந்து அவன் போட்ட முதல் சத்தம் அது.

அந்த அணி அதன்பிறகு கொல்கத்தாவில் 1-2 என்று தோற்றும் மொத்தக் கணக்கில் முன்னேறி, டிசம்பர் 20 அன்று கோவாவின் ஃபடோர்டாவில் 3-2 என்று கோப்பையை வாங்கியது. எல்லோரும் மெண்டோசாவைக் கொண்டாடினார்கள். 13 கோல் அடித்து அந்தப் பருவத்தின் முதல்வன் அவர்தான், கொண்டாட வேண்டியதும்தான். எங்கள் வீட்டில் மட்டும் ஜெஜேதான் ஹீரோ. அவர் அந்த ஆண்டு 6 கோல் அடித்தார். வளரும் வீரருக்கான விருதும் அவருக்குத்தான் போனது.

சென்டர் ஃபார்வர்டு என்றாலே எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் வேறொருவர். நாங்கள் அவரைச் ‘சென்டர் அண்ணன்’ என்றே கூப்பிடுவோம். எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் டர்னர். வாலிபத்தில் ஒரு கம்பெனி டீமுக்கு ஆடியவர். ஷிப்ட் முடிந்து, கையில் கட்டிங் ஆயில் மணக்க, சைக்கிளை கிரவுண்டு ஓரம் சாய்த்துவிட்டு எங்களுக்குச் சொல்லித்தருவார். “டேய், பந்து வரும்போது கோலைப் பாக்காத. கோல் எங்கயும் ஓடிப்போயிடாது. பந்தைப் பாரு.” முதுகைக் கோலுக்குக் காட்டி நின்று, பின்னால் இடிக்கும் ஸ்டாப்பரை இடுப்பாலேயே தாங்கி, பந்தை ஒரு தட்டில் பக்கத்து ஆளுக்குத் தள்ளிவிட்டு மறுபடி ஓடுவது எப்படி என்று காட்டுவார். கோல் அடிப்பதைவிட அதைத்தான் அதிகம் காட்டுவார். ஆடிய காலத்திலேயே வலது முழங்கால் போய்விட்டது. லேத் முன்னால் நாள் முழுக்க நிற்பவர், மாலையில் கிரேப் பேண்டேஜைச் சுற்றிக்கொண்டுதான் பந்தைத் தொடுவார்.

1994 உலகக் கோப்பையில் ருமேனியாவும் அர்ஜென்டினாவும் மோதிய ஆட்டத்தை அவர் வீட்டில்தான் பார்த்தேன். நம் கணக்கில் ஜூலை 4 விடியற்காலை 2 மணி. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி மாரடோனா போய்விட்டிருந்தார். தெருவெல்லாம் அர்ஜென்டினா பக்கம். அண்ணன் மட்டும் ருமேனியா. ஹாஜியின் இடக்காலுக்காக என்று நினைத்தோம். அவர் கேட்ட கேள்வி வேறு: “இவனுங்க சென்டரு எங்கடா?” ருமேனியாவின் முதன்மை ஸ்ட்ரைக்கர் ஃப்ளோரின் ராடுசியோயு தடையால் அன்று வெளியே உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தில் இலியே டுமிட்ரெஸ்குவை நிறுத்தினார்கள். அவர் இரண்டு அடித்தார், ஹாஜி ஒன்று. 3-2. ருமேனியக் கால்பந்தின் மகத்தான நாளில் அதன் சென்டர் ஃபார்வர்டு களத்தில் இல்லை. அடுத்து சுவீடனோடு காலிறுதியில் ராடுசியோயு திரும்பி வந்து இரண்டு கோல் அடித்தார். அந்த உலகக் கோப்பையில் மொத்தம் நான்கு. ஆனால் பெனால்டியில் நாடு வெளியேறியது. அவர் தன் ஆட்ட வாழ்க்கையில் இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று ஐந்து பெரிய நாடுகளின் லீக்கிலும் ஆடினார்.

“சென்டர் எடம் காலியாவே இருக்காதுடா. நீ உட்காந்தா அடுத்தவன் வந்து நிப்பான்” என்றார் அண்ணன். தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

ஜெஜேயின் வாழ்க்கையைப் பின்னால் திரும்பிப் பார்க்கும்போது இந்தச் சொல் அடிக்கடி வந்து நிற்கிறது. 1991 ஜனவரி 7இல் பிறந்தவர். ஐ-லீக்கில் 2010-11 பருவத்தில், இளைஞர்களை மட்டும் வைத்து உருவாக்கிய இந்தியன் ஏரோஸ் அணிக்காக 13 கோல் அடித்து நாட்டைத் திரும்பிப் பார்க்கவைத்தபோது அவருக்கு இருபது வயதுதான். 2011இல் இந்திய அணிக்கு வந்தார். 2014இல் சென்னை. வெளிநாட்டு முன்கள வீரர்களுக்கே கோடிகள் கொட்டிய ஒரு லீக்கில், இந்திய ஸ்ட்ரைக்கருக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓரமோ பெஞ்சோதான். அங்கே ஆண்டுதோறும் தன் இடத்தைப் போராடி வாங்கியவர் ஜெஜே. ஆர்ப்பாட்டம் கிடையாது. சென்டர் அண்ணன் காட்டித்தந்த அதே வேலை: முதுகால் தாங்கு, தட்டிவிடு, ஓடு, காத்திரு.

2016 ஜனவரி 3 அன்று திருவனந்தபுரத்தில் தெற்காசியக் கோப்பை இறுதி. 70ஆவது நிமிடத்தில் ஆப்கானிஸ்தான் முந்தியது. இரண்டே நிமிடத்தில் ஜெஜே சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் சுனில் சேத்ரி வென்று தந்தார். மறுநாள் பேப்பரில் பெரிய படம் சேத்ரிக்கு. அந்த 72ஆவது நிமிடம் இல்லையென்றால் கூடுதல் நேரமே இல்லை.

ஆவடி லோக்கலில் ஆட்டம் பார்க்கப் போனவர்களுக்கு அந்தப் பயணமே ஒரு ருசி. அண்ணனூர், திருமுல்லைவாயல், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இரண்டிரண்டு நீல ஜெர்சியாக ஏறும். வில்லிவாக்கம் தாண்டி ஐ.சி.எஃப். பக்கம் வரும்போது யாராவது ஒரு பெரியவர் அந்தக் காலத்து ரயில்வே டீம் கதையைத் தொடங்குவார். வியாசர்பாடி ஜீவாவில் ஒரு கூட்டமே ஏறும். அவர்கள் ஆட்டம் தெரிந்தவர்கள், சந்துக்குச் சந்து பந்து உருளும் ஊர். சென்ட்ரலில் இறங்கி நேரு ஸ்டேடியத்துக்கு நடந்தால் பத்து நிமிடம். உள்ளே போவதற்கு முன்பே ‘சூப்பர் மச்சான்’ சத்தம் வெளியே கேட்கும்.

2018 மார்ச் 13. கோவாவுடன் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். 26ஆவது நிமிடத்தில் ஜெஜே. மூன்று நிமிடம் கழித்து வியாசர்பாடிப் பையன் தனபால் கணேஷ். 90ஆவது நிமிடத்தில் மறுபடியும் ஜெஜே. மிசோரக்காரன் இரண்டு, நம்மூர்க்காரன் ஒன்று. திரும்பி வந்த ரயிலில் இரண்டு பெயரையும் ஒரே மூச்சில் கத்தினார்கள். நான்கு நாள் கழித்து பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என்று வென்று இரண்டாவது கோப்பை. அந்தப் பருவத்தில் ஜெஜே 9 கோல். ஐந்து பருவங்களில் சென்னைக்காக ஐ.எஸ்.எல்.லில் அடித்தது 23.

இந்தியாவுக்காக அவர் அடித்ததும் 23 கோல்தான். 2019 ஜனவரி 6, அபுதாபி, ஆசியக் கோப்பை. தாய்லாந்துக்கு எதிராகக் கடைசிக் கட்டத்தில் மாற்று ஆளாக இறங்கினார். இறங்கிய சூட்டோடு 80ஆவது நிமிடத்தில் ஒரு கோல். ஆட்டம் 4-1. 1964க்குப் பிறகு ஆசியக் கோப்பையில் இந்தியா வென்ற முதல் ஆட்டம். மறுநாள் அவருக்கு 28 வயது நிறைந்தது. ஒரு ஸ்ட்ரைக்கருக்கு நல்ல பருவம் தொடங்கும் வயது அது. அவருக்கோ முழங்கால் போய்விட்டது.

2019-20 பருவம் முழுக்க அவர் ஆடவில்லை. சென்டர் அண்ணன் சொன்ன மாதிரி, இடம் காலியாக இருக்கவில்லை. லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் வந்து நின்றார், 15 கோல் அடித்தார். அணியை நடத்திய கேப்டன் லூசியன் கோயான், ஒரு ருமேனியத் தடுப்பு வீரர். அணி இறுதிவரை போனது. 2020 மார்ச் 14 அன்று, கொரோனாவால் ஆளே இல்லாத ஸ்டேடியத்தில் கொல்கத்தாவிடம் தோற்றது. அதன்பிறகு ஜெஜே ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். பழைய கால் திரும்பவில்லை. 2023இல் விளையாட்டுக்கு விடைகொடுத்துவிட்டு, அதே ஆண்டு சட்டமன்றத்துக்குப் போய்விட்டார்.

கோல் அடிக்காத அந்த ஆண்டுகளில் அவரைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. நீல ஜெர்சிகளின் முதுகில் வேறு பெயர்கள் வந்தன. ஆனால் 2015இன் அந்த 57ஆவது நிமிடத்தை நான் வேறு மாதிரிப் பார்க்கிறேன். எங்கள் ஊரில் ஆட இடமில்லாத வாரத்தில், எங்கேயோ ஒரு மைதானத்தில், எங்கள் பெயரைச் சட்டையில் சுமந்துகொண்டு ஒருவர் எங்களுக்காகக் கோல் அடித்தார். அதைவிட ஊர்க்காரன் ஆவதற்கு வேறென்ன தகுதி வேண்டும்?

சென்டர் அண்ணன் சொன்னதில் ஒரு பாதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. கிளப்பில் அந்த இடம் காலியாக இருப்பதில்லை, பணம் கொடுத்து வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்துவிடுகிறார்கள். நாட்டில் காலியாகத்தான் இருக்கிறது. ஓய்வு பெற்ற சுனில் சேத்ரியை 2025 மார்ச்சில், 40 வயதில், திரும்ப அழைக்க வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் அதைவிட நீண்ட காலமாகக் காலி. 1997-98 தேசிய லீக்கில் எஃப்சி கொச்சினுக்காக 10 கோல் அடித்து, அந்தப் பருவத்தில் நாட்டிலேயே முதலிடம் பிடித்த ராமன் விஜயன் நம் ஆள். அவருக்குப் பிறகு நல்ல நடுக்கள வீரர்களையும் தடுப்பு வீரர்களையும் தமிழ்நாடு தந்திருக்கிறது. அந்த வரிசையில் ஒரு சென்டர் ஃபார்வர்டைத் தரவில்லை.

பையன்கள் இல்லாமல் இல்லை. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மாலை ஐந்து மணிக்கு எந்தக் காலி மனையைப் பார்த்தாலும் செங்கல்லை கோல்போஸ்ட்டாக வைத்து ஆடுகிறார்கள். அடுத்த ஆண்டு அந்த மனையில் அபார்ட்மெண்ட் நிற்கும். ஐந்து பேருக்குமேல் நிற்க முடியாத டர்ஃப் கூண்டுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுக்கிறார்கள். ஒரு சென்டர் ஃபார்வர்டு அந்தக் கூண்டில் வளர மாட்டான். தூரத்துப் பந்துக்கு ஓடவும், ஆஃப்சைடு கோட்டை உரசி நிற்கவும், முழு மைதானத்தில் பொறுமையாகக் காத்திருக்கவும் அவனுக்கு இடம் வேண்டும். அந்த இடம் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. பெரிய ஆலைகளின் குடியிருப்புகளுக்குள்ளும், பள்ளி கல்லூரிகளின் சுவருக்குப் பின்னாலும் முழு அளவு மைதானங்கள் மாலையில் பூட்டிக் கிடக்கின்றன.

அவற்றின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். மாலை நாலரை முதல் ஏழு வரை கேட்டைத் திறந்துவிடுங்கள். பெயர் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், வாட்ச்மேனை நிறுத்துங்கள், நிபந்தனை எதுவானாலும் போடுங்கள். திறந்துமட்டும் விடுங்கள். ஆட வேண்டியதைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள்.